கீத்திக்கு வந்த பச்சைத் துணி

தீ தாண்டும் விழாவுக்கு வரும் ஸ்வீடன்காரர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். நின்று யோசிப்பார்கள். நெருப்புக்கு முன்னால் வந்ததும் கைபேசி பத்திரமாக இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள், பின்னால் நிற்கும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம்தான் தாண்டுவார்கள். அதற்குள் வரிசை மைதானத்தின் வாசலைத் தாண்டிவிடும். கீத்தி சொராப்பூர் பொறுப்பில் இருந்தவரை அந்த வரிசை தேங்கியதே இல்லை.

“யோசிக்காதே. நெருப்பு உன்னைப் பத்தி யோசிக்கல. போ, போ. அடுத்த ஆள்.”

கோத்தன்பர்க்கில் பணி ஓய்வு வரை டிராம் ஓட்டியவள் அவள். கூட்டத்தை உள்ளே விடவும் தெரியும், கதவை மூடவும் தெரியும். மார்ச்சில் முடியும் எங்கள் ஆண்டின் கடைசிச் செவ்வாய் மாலை, குடியிருப்புக்குப் பின்னாலுள்ள ஈர மைதானத்தில் ஏழு சின்னக் குவியல்களாகச் சுள்ளி அடுக்கி, தீயணைப்புத் துறை அதிகாரி தலையசைத்த பிறகு பற்றவைப்போம். தாண்டும்போது நெருப்பிடம் சொல்ல வேண்டியதை அவளே ஸ்வீடிஷில் மாற்றி வைத்திருந்தாள்: என் வெளிறல் உனக்கு, உன் சிவப்பு எனக்கு. குளிர்காலம் முழுக்க வெயில் காணாத அந்த வெள்ளை முகங்கள் அதைச் சொல்லிக்கொண்டு தாண்டுவதைப் பார்த்தால், அவர்களுக்காகவே உண்டான விழாவோ என்று தோன்றும்.

விழாவுக்கான அனுமதி எப்போதும் கீத்தியின் பெயரில்தான் வரும். எங்கள் ஈரானியர் சங்கத்தில் மருத்துவர்கள் உண்டு, பொறியாளர்கள் உண்டு. ஆனால் தீயணைப்பு அதிகாரி நம்பியது கீத்தியை மட்டும்தான். பட்டாசுப் பையோடு வந்த எங்கள் சங்கத் தலைவர் அர்தஷீரையே ஒரு வருடம் அவள் மைதானத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறாள். “அர்தஷீர் கான், உங்க கால் தூசிக்கு நான் சமம். ஆனா அந்தப் பையோட உள்ள வரக் கூடாது,” என்றாளாம். அவர் அதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

முதலில் தாண்டுவது அவள் கணவன் கியூமர்ஸ். செருப்புத் தைத்து, சாவி வெட்டிக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தான். மெலிந்த உடம்பு, பெரிய மீசை. கீத்தி கழுத்தில் சுற்றிவிட்ட ஆரஞ்சுத் துண்டோடு ஓடி வந்து ஏழையும் தாண்டுவான். ஒரு தடவை கால்சட்டையின் அடியில் தீப்பிடித்து, சூப் அண்டாவுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு நின்றான். “சிவப்பு கொஞ்சம் அதிகமாவே குடுத்துடுச்சு,” என்றான். கூட்டம் சிரித்தது. கீத்தி சிரிக்கவில்லை. அந்தக் கால்சட்டையைத் தைத்துக் கொடுக்க வேண்டியவள் அவள்தான்.

இருவருக்கும் ஊர் ஈரானிலுள்ள ரஷ்த். அங்கே கீத்தி பூகோளம் நடத்தும் பள்ளி ஆசிரியை. புரட்சிக்குப் பிறகு அவளிடம் தொழுகையைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். தெரியாது என்று பதில் சொன்னாள். வேலை போனது. கொஞ்ச நாளில் ஊரும் போனது. குழந்தைகள் இல்லை. இங்கே வந்து மொழி படித்து, டிராம் பணிமனையில் சேர்ந்தாள். தெருப் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். “பூகோளம் வீணாப் போகல, சக்கரம் வெச்சுக்கிச்சு,” என்பான் கியூமர்ஸ்.

ஒரு அக்டோபரில், கடையில் ஒரு பூட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பூட்டின் சொந்தக்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பயன் இல்லை.

சங்கம் எல்லாவற்றையும் முறையாகச் செய்தது. அடக்கம், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், அல்வா, பேரீச்சை, வாடகைக் கூடம், மெழுகுவர்த்தி. கீத்தி கறுப்பு உடுத்தினாள். கடவுளை நம்பாதவள் கறுப்பை மட்டும் ஏன் உடுத்துகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அது கடவுள் விஷயமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்களில் கறுப்பு உடுத்துவது அவரவர் கையில். கழற்றுவது அவரவர் கையில் இல்லை. வருடம் திரும்பியதும் செத்தவரின் வீட்டுப் பெரியவர் ஒருவரோ, அவருக்கு நெருங்கியவரோ, வண்ணத் துணி ஒன்று கொண்டுவந்து, உட்கார்ந்திருப்பவளின் தோளில் தம் கையால் போர்த்தி, போதும் என்று சொல்ல வேண்டும். அந்தக் கை வந்தால்தான் அவள் மறுபடி மற்றவர்களைப் போல. தானாகக் கழற்றினால், இதற்காகத்தான் காத்திருந்தாளா என்று ஆகிவிடும். செத்தவனுக்கும் மரியாதை இல்லை.

அந்த வருடம் விழாவுக்கு வருவதாகவே கீத்திக்கு எண்ணம் இல்லை. கணவன் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அனுமதி அவள் பெயரில் இருந்தது, அதனால் வந்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தலைத்துண்டு, கறுப்புக் கையுறை. முதலில் தாண்ட ஆள் இல்லாமல் ஒரு நிமிடம் எல்லோரும் நின்றோம். அவள்தான் யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். “போ. யோசிக்காதே.”

அந்த வருடம்தான் நகராட்சி எங்களோடு கை கோத்தது. அக்கம்பக்கத்து மக்கள் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்பதற்கான திட்டம் அது. ஸ்வீடன்காரத் தன்னார்வலர்கள் கிடைத்தார்கள். அவர்களுக்குத் தலைவி குன்வோர். கீத்தியின் மாடிப்படியிலேயே ஒரு தளம் மேலே குடியிருப்பவள், ஓய்வுபெற்ற செவிலி, தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடுபவள். இருவரும் சந்திப்பது பெரும்பாலும் குடியிருப்பின் பொதுத் துவைக்கும் அறையில். அன்று முழுக்கக் கீத்தி சொன்னதைக் கேட்டு, எங்கே நிற்பது, எந்தக் குவியலுக்கு எப்போது மணல் போடுவது என்று எல்லாவற்றையும் குன்வோர் கற்றுக்கொண்டாள். கூர்மையான கண். எதையும் விடமாட்டாள்.

அக்டோபர் வந்தது. வருடம் திரும்பியது.

கீத்தி வீட்டைத் துடைத்தாள். மேசையில் பழக்கிண்ணத்தை நிரப்பினாள். ஆரஞ்சு, ஆப்பிள், மேலே இளம் வெள்ளரி. தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பிற்பகலில் எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். வார முடிவில் மிஞ்சிய பழத்தைப் பையில் போட்டுத் துவைக்கும் அறைக்குக் கொண்டுபோய் குன்வோரிடம் கொடுத்தாள். அடுத்த வாரமும் கொடுத்தாள். அதற்கடுத்த வாரமும்.

“இவ்வளவு ஆரஞ்சு எதுக்கு வாங்குற, கீத்தி?”

“விருந்தாளி வருவாங்கன்னு.”

“வந்தாங்களா?”

“வேலையா இருப்பாங்க.”

சங்கத்தில் யாரும் மறக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வெளியூர்க்காரர்கள் மறதி என்றுதான் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் நினைவிருந்தது. கீத்தியின் தோழி ஷஹ்லா, முடிதிருத்தகம் வைத்திருப்பவள், அர்தஷீருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அர்தஷீர் கான், வருஷம் முடிஞ்சிடுச்சு. கீத்தி இன்னும் கறுப்புலயே இருக்கா.”

“தெரியும் ஷஹ்லா கானோம், தூக்கமே வரல எனக்கு. ஆனா நான் எப்படி முந்திக்கிறது? கியூமர்ஸோட அக்கா ரஷ்த்துல நல்லா இருக்காங்க. அவங்க இருக்கும்போது நான் துணியைத் தூக்கிட்டுப் போனா, அவங்களை ஓரம் கட்டுன மாதிரி ஆயிடாதா?”

“அப்போ அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்களேன்.”

“கேட்டா மறந்துட்டீங்களான்னு குத்திக் காட்டுற மாதிரி இருக்கும். நீங்களே போங்க. அவளுக்கு நீங்க கூடப் பொறந்தவ மாதிரி.”

“நான் அவளைவிடச் சின்னவ. நீங்க தலைக்கு மேல இருக்கும்போது நான் போய் நின்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“அய்யோ, உங்களுக்கில்லாத உரிமையா?”

“உங்களுக்கு முன்னால எனக்கு ஏது உரிமை?”

இருவரும் ஒருவரையொருவர் உயர்த்திவிட்டுத் தொலைபேசியை வைத்தார்கள்.

ரஷ்த்திலிருக்கும் அக்தர், கியூமர்ஸின் அக்கா, வெள்ளிதோறும் பேசுவார். ஒரு வெள்ளி அவர் கூப்பிட்டபோது கீத்தி ஷஹ்லாவின் கடையில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்காகச் சாயம் போடாமல் விட்ட தலை, முக்கால் பாகம் வெள்ளை. கைபேசியை மடியில் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

“அங்க உங்களுக்குச் சங்கம் இருக்கு, அவ்வளவு ஜனம் இருக்கு. எல்லாம் முறைப்படி முடிச்சிருப்பாங்கதானே, கீத்தி ஜான்?”

ஷஹ்லாவின் கையிலிருந்த சீப்பு நின்றது.

“யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கல, அக்தர் ஜான்.”

“நல்லது, நல்லது. இங்கேருந்து நான் எதாவது அனுப்பி வெச்சா, அங்க இருக்கிறவங்க முகம் சுருங்கிடும்னுதான் அனுப்பல. இப்ப என்ன கலர்ல இருக்கே?”

“ஏதோ ஒரு கலர்.”

“பச்சை போட்டுக்கோ. அவனுக்குப் பச்சைன்னா பிடிக்கும்.”

“சரி.”

கைபேசியை அணைத்துவிட்டு, “காதுக்குப் பின்னால கொஞ்சம் நீளமா விட்டுட்டே,” என்றாள் கீத்தி. ஷஹ்லா வெட்டினாள். சாயக் கிண்ணம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுக்கத் தனக்கு என்ன தகுதி என்று அவளுக்குப் பட்டது.

குளிர்காலம் போனது. அடுத்த விழா வந்தது.

அன்று பிற்பகலே மைதானத்துக்கு வந்தவர்கள் முதலில் பார்த்தது குன்வோரின் கூட்டத்தை. பாட்டுக்குழுவில் பாதிப் பேர், அவர்களுடைய கணவன்மார்கள், நூலகத்துப் பெண் என்று இருபது பேர் இருக்கும். எல்லோரும் கறுப்பு. கறுப்புக் கோட்டு, கறுப்புக் கையுறை. பெண்கள் தலையில் கறுப்புத் துண்டைக் கீத்தி கட்டும் விதத்திலேயே பின்கழுத்தில் முடிந்திருந்தார்கள். குவியலுக்கு இருவர் மூவராக, கைகளைக் கட்டிக்கொண்டு, கீத்தி நிற்பதுபோலவே நின்றிருந்தார்கள்.

குன்வோர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். “பாத்தியா? போன வருஷமே கவனிச்சுட்டேன். தீயைப் பாத்துக்கறவங்க கறுப்புல இருக்கணும், இல்லையா? எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்.”

கீத்தி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நூலகத்துப் பெண்ணின் கோட்டில் விலைச் சீட்டுகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இதற்கென்றே வாங்கியிருக்கிறாள்.

“ரொம்ப நல்லா இருக்கு,” என்றாள் கீத்தி. “குளிருக்கு இது போதுமா?”

சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் எங்களவர் ஒருவர் மெல்ல, “தீ விழாவா, எழவு வீடா?” என்றார். பக்கத்திலிருந்தவர் அவர் விலாவில் இடித்தார். அர்தஷீர் ஷஹ்லாவைப் பார்த்தார். ஷஹ்லா தரையைப் பார்த்தாள். அந்த ஸ்வீடன்காரர்களிடம் போய், இது எங்கள் வழக்கம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் கீத்தி ஏன் இப்படி நிற்கிறாள் என்று கேட்பார்கள். அதற்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் நகராட்சியின் இணையப் பக்கத்தில் படம் வந்தது. தீக்குவியல், சுற்றிலும் கறுப்பு உருவங்கள். கீழே, ஈரானியர் வழக்கப்படி தீக்காவலர்கள் கறுப்பணிவார்கள் என்று எழுதியிருந்தது. படத்தின் நடுவில் கீத்தி. அவளைச் சுற்றி இருபது பேர் அவளுடைய துக்கத்தை உடுத்திக்கொண்டு, சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள்.

அந்தப் படம்தான் எங்களவர்களை நாற்காலியிலிருந்து எழுப்பியது. புத்தாண்டு பிறந்த வாரத்தில், வீடு வீடாகப் போய் வாழ்த்தும் நாட்களில், அர்தஷீர், அவர் மனைவி, ஷஹ்லா, இன்னும் இரண்டு பேர் ஒன்றாகக் கிளம்பினார்கள். ஷஹ்லா துணி வாங்கியிருந்தாள். கனமான பட்டு, நெல் முளை போன்ற இளம்பச்சை, தாராளமான நீளம்.

நடந்ததை ஷஹ்லா பிற்பாடு சொன்னாள். கதவு திறந்ததும் வாசலில் வழக்கமான தள்ளுமுள்ளு. நீங்க போங்க, இல்ல நீங்க, பெரியவங்க முதல்ல, இல்லவே இல்ல. சலவைக் கூடையோடு மாடி ஏறி வந்த குன்வோர், வழி கிடைக்கும்வரை படியில் பொறுமையாக நின்றிருந்தாள்.

உள்ளே பழக்கிண்ணம் நிறைந்திருந்தது. கீத்தி தலையை நன்றாக வாரியிருந்தாள். எப்போதும் தோளில் கிடக்கும் கறுப்புச் சால்வையை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, நிமிர்ந்து, தோள்களைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது தெரிந்து உட்கார்ந்திருந்தாள்.

பொட்டலம் அர்தஷீரின் மடியில் இருந்தது. தேநீர் வந்தது. பிஸ்தா விலையைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். அர்தஷீர் பொட்டலத்தை மெதுவாக ஷஹ்லாவின் பக்கம் நகர்த்தினார். ஷஹ்லா இரண்டு கைகளாலும் அதைத் திருப்பி அவரிடம் நகர்த்தினாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். இவள் தலையைக் குனிந்து மறுத்தாள். அவர் தம் மனைவியைப் பார்த்தார். மனைவி, உங்கள் இருவருக்கும் முன்னால் நானா என்பதுபோல நெஞ்சில் கை வைத்தாள். இப்படியே தேநீர் இரண்டாம் முறை வந்தது, மூன்றாம் முறை வந்தது. கீத்தி எழுந்து ஊற்றிவிட்டுத் திரும்ப வந்து, அதே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் கிளம்பும்போது பொட்டலம் மேசைமேல், பழக்கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

“அது… உங்களுக்குத்தான், கீத்தி கானோம்,” என்றார் அர்தஷீர். “பெருசா ஒண்ணும் இல்ல.”

“எதுக்கு இவ்வளவு சிரமம்? உங்க கை நோகாம இருக்கட்டும்.”

கதவு மூடியது. படியிறங்கும்போது ஷஹ்லா, “நீங்க போர்த்துவீங்கன்னு நெனச்சேன்,” என்றாள்.

“உங்களுக்காகத்தானே நான் காத்துக்கிட்டு இருந்தேன்.”

“அவளே எடுத்துப் போட்டுக்குவா.”

“ஆமா. துணி போய்ச் சேந்துடுச்சே.”

ஆனால் அவள் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. கோடையில் கறுப்பு. இலையுதிர்காலத்தில் கறுப்பு. பழக்கிண்ணம் மட்டும் காலியானது. துவைக்கும் அறைக்கு ஆரஞ்சு வருவது நின்றுபோயிற்று. உடம்பு சரியில்லையா என்று குன்வோர் கேட்டாளாம். “நல்லா இருக்கேன். இனிமே யாரும் வர வேண்டியதில்ல,” என்றாளாம் கீத்தி.

கியூமர்ஸ் போன பிறகு வந்த மூன்றாவது விழாவுக்கு முந்தைய வாரம் தீயணைப்பு அதிகாரி அனுமதியை வழக்கம்போல அவள் பெயரில் கொடுத்தார். அன்று மாலை ஈரக்காற்று. சுள்ளிகளைத் தார்ப்பாயில் மூடி வைத்திருந்தார்கள். குன்வோரின் கூட்டம் முன்னைவிடப் பெருகி, கறுப்பில் வந்து வரிசையாக நின்றது. கீத்தி ஒரு துணிப்பையோடு வந்தாள். அவளும் கறுப்புதான்.

“எல்லாரும் இங்க வாங்க,” என்றாள் ஸ்வீடிஷில். “ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர். தள்ளக் கூடாது.”

பையிலிருந்து எடுத்தாள். பச்சைப் பட்டு. பட்டையாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தது. அந்தத் தையலை எங்களில் பலர் ஒருகாலத்தில் கியூமர்ஸின் கால்சட்டையில் பார்த்திருக்கிறோம். முதலில் நின்றவள் குன்வோர்.

“இது எதுக்கு?”

“இனிமே கறுப்பு வேண்டாம். கறுப்பு எங்களுக்கு எழவு வீட்டு நிறம். உங்ககிட்ட யாரும் சொல்லல. தப்பு உங்களோடது இல்ல.”

குன்வோரின் முகம் வெளுத்தது. இரண்டு வருடத்தையும் அவள் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. துவைக்கும் இயந்திரத்தில் சுழன்ற கறுப்பு, ஆரஞ்சுப் பை, படியில் நின்று பார்த்த ஐந்து பேர்.

“அப்போ நீ, கீத்தி?”

“என் விஷயம் வேற. குனி. நீ உயரம்.”

குன்வோர் குனிந்தாள். கீத்தி அவள் தலையிலிருந்த கறுப்புத் துண்டின் முடிச்சை அவிழ்த்துக் கையில் கொடுத்தாள். பிறகு பச்சைத் துணியை இரண்டு கைகளாலும் அவள் தோளில் போர்த்தி, முன்பக்கம் சரி செய்து, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள். எங்கள் மொழியில், “போதும்,” என்றாள். “அடுத்த ஆள்.”

நூலகத்துப் பெண் வந்தாள். அவிழ்த்தாள், போர்த்தினாள், அழுத்தினாள். போதும். அடுத்த ஆள். பாட்டுக்குழு வந்தது, கணவன்மார்கள் வந்தார்கள். யாருக்கும் அவசரமாகச் செய்யவில்லை. ஒருவருக்கும் விட்டுப்போகவில்லை. வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்த ஓர் ஆள், அவள் கை தோளில் பட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு நின்றார்.

சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் எங்களவர்கள் அசையாமல் நின்றார்கள். அந்தத் துணி எது என்று ஐந்து பேருக்குத் தெரியும். அந்தச் செய்கை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இவ்வளவுதான் வேலை, ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பை காலியானது. கீத்தி அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ஏழாவது குவியலுக்குப் பக்கத்தில் தன் இடத்துக்குப் போனாள். மைதானம் முழுக்கப் பச்சைத் தோள்கள். அவள் ஒருத்தி மட்டும் கறுப்பு.

ஷஹ்லா தன் கழுத்திலிருந்த சிவப்புத் துண்டை உருவி எடுத்தாள். இரண்டு அடி வைத்தாள். பிறகு நின்று, திரும்பி, அதை அர்தஷீரிடம் நீட்டினாள்.

“நீங்க போங்க, அர்தஷீர் கான். நீங்கதான் பெரியவர்.”

அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. துண்டை வாங்கவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

“உங்க துண்டு, ஷஹ்லா கானோம். நான் எப்படி? நீங்களே போங்க.”

“நீங்க இருக்கும்போது நானா?”

தீயணைப்பு அதிகாரி விசில் ஊதினார். தார்ப்பாயை விலக்கினார்கள். முதல் குவியல் பற்றியது, இரண்டாவது பற்றியது. வரிசையின் முன்னால் ஒரு இளைஞன் வந்து நின்று, சட்டைப்பையில் கைபேசியைத் தொட்டுப் பார்த்தான்.

“யோசிக்காதே,” என்றாள் கீத்தி. “போ.”